கிண்டியில் கரண்ட் படித்த முதல் பெண்

நான் பி.காம். படிப்பவன். கரண்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபியூஸ் போனால் கம்பி கட்டுவது வரைதான். அப்படிப்பட்டவன் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் வரலாறு எழுத உட்கார்ந்ததற்கு எங்கள் தெருவில் நடந்த ஒரு பேச்சுதான் காரணம். (ஊர் கூமாப்பட்டி. 2025-ல் ஒரு வீடியோவால் தமிழ்நாடே பேசியதே, அதே ஊர்தான்!) பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு ட்ரிபிள் ஈ எடுக்க ஆசை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா கரண்ட்டுப் படிப்பு? போஸ்ட்டு மரத்துல ஏறப் போறியா?" என்றார் அவள் பெரியப்பா. அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு தேடிப் படித்ததில் கிடைத்தவர்தான் அ.லலிதா.

1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில், 1934-ல், கல்யாணம். 1937-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். அன்றைக்கு ஒரு இளம் விதவையின் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டாலே சொல்வார்கள். லலிதா அப்பா வீட்டுக்குத் திரும்பினார். ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் முடித்தார்.

அடுத்து என்ன படிப்பது? டாக்டர் படிப்புக்கு வழி இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-லேயே பட்டம் வாங்கிவிட்டாரே. ஆனால் டாக்டர் என்றால் நடுராத்திரியிலும் ஓட வேண்டும், குழந்தையை யார் பார்ப்பது? காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை வேண்டும் என்று யோசித்துத்தான் இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். லட்சியம், புரட்சி என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை பாருங்கள், ஒரு அம்மாவின் கணக்கு அது. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது. அங்கே எலக்ட்ரிக்கல் பிரிவு வந்தது 1930-ல்தான். பைக்காரா மின்சாரம் 1932, மேட்டூர் 1937, நம் பக்கத்துப் பாபநாசம் 1944. அதாவது மாகாணத்துக்குக் கரண்ட் வரத் தொடங்கிய அதே காலத்துப் படிப்பு. லலிதாவின் அப்பா பப்பு சுப்பாராவ் அங்கேயே எலக்ட்ரிக்கல் பேராசிரியர். (அப்பா வாத்தியார் என்பது பெரிய உதவிதான், மறைப்பதற்கில்லை.) முதல்வர் கே.சி.சாக்கோவிடம் மகளுக்காகக் கேட்டார். சாக்கோ சம்மதித்தார், பொதுக் கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டாதமும் அனுமதி கொடுத்தார்.

நூற்றுக்கணக்கான பையன்கள் நடுவே ஒரே ஒரு பெண். விடுதியில் தனிமை தாங்கவில்லை. குழந்தை உறவினர் வீட்டில் இருந்தது, வார இறுதியில்தான் போய்ப் பார்க்க முடியும். இன்னும் சில பெண்கள் வந்தால் நன்றாக இருக்குமே என்று அப்பா யோசித்தார். பெண்களுக்கும் இடம் உண்டு என்று விளம்பரம் செய்யப்பட்டது. பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஒரு வருடம் ஜூனியர். ஆனாலும் உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலத்தைக் குறைத்ததால் மூவருமே ஒன்றாகப் பட்டம் வாங்கினார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்கிற ஆங்கிலச் சொல்தான் அச்சாகி இருந்ததாம். அதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! (திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அது தனிக் கதை.)

1943-ல் பட்டம் வாங்கிய லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி முடித்தார், கொஞ்ச காலம் சிம்லாவில் அரசு வேலை பார்த்தார். பிறகு அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவினார். புகையில்லாத அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் ஒரு இசைக்கருவி என்று அந்த மனுஷர் என்னென்னவோ செய்துகொண்டிருந்தார். 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். அண்ணன் தம்பிகளில் ஒருவர் குடும்பம் கல்கத்தாவில் இருந்ததால் மகளையும் கூட வைத்துக்கொள்ள முடிந்தது. முதலில் போட்ட அதே கணக்கு!

மின் கடத்தும் லைன்களையும் துணை மின்நிலையங்களின் அமைப்பையும் வடிவமைப்பது அவர் வேலை. பாதுகாப்புக் கருவிகளும் அதில் அடக்கம். எங்காவது லைன் பழுதானால், அந்தப் பகுதியை மட்டும் கண நேரத்தில் துண்டித்து மற்ற ஊர்களுக்குக் கரண்ட் போகாமல் காப்பாற்றுகிற ஏற்பாடு. நம் வீட்டு ஃபியூஸின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்களேன். பக்ரா நங்கல் அணை மின்சாரத் திட்டத்திலும் அவர் பங்கு உண்டு.

1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது போய் வந்தார். 1966-ல் லண்டன் மின்பொறியாளர் நிறுவனத்தில் முழு உறுப்பினர் ஆனார். கடைசி வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1977-ல் ஓய்வு பெற்றார். இரண்டே வருடத்தில், அறுபது வயதில் காலமானார்.

இவ்வளவையும் போன வாரம் பெரியப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே முழுசாகக் கேட்டார். "சரிப்பா, அந்தம்மா போஸ்ட்டு மரத்துல ஏறுச்சா இல்லையா?" என்றார். "ஏறல பெரியப்பா. அந்த லைனு எந்த வழியா போகணும்னு வரைஞ்சு குடுத்தாங்க" என்றேன். "ம்..." என்றார். கவுன்சிலிங்குக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.