வணிகக் கப்பல்களும் கடலில் உயிர் மீட்கும் கடமையும்: ஒரு வரலாற்று நோக்கு

கரைக்கு அருகில் ஒரு படகு கவிழ்ந்தால் அதைக் காப்பாற்ற மீனவரோ, காவல் படையினரோ வரக்கூடும். கரையினின்று ஐந்நூறு, ஆயிரம் கடல் மைல் தொலைவில் ஒரு கப்பல் தீப்பற்றினால் வருவார் யார்? ஹெலிகாப்டர் அத்தொலைவு பறந்து திரும்ப இயலாது. காவல் கப்பல் சென்று சேர நாட்கள் ஆகும். அங்கே வரக்கூடியது, தன் சரக்கோடு தன் வழியே சென்றுகொண்டிருக்கும் மற்றொரு வணிகக் கப்பல் ஒன்றே. அதன் தலைவர் மீட்புப் பணிக்கென நியமிக்கப்பட்டவர் அல்லர். அவருக்குக் குறித்த நாளில் குறித்த துறைமுகம் சேரவேண்டிய கட்டாயம் உண்டு. தாமதத்திற்குக் கணக்குக் கேட்கும் முதலாளிகளும் உண்டு. எனினும் நடுக்கடலில் உயிர் மீட்கும் வரலாற்றின் பெரும்பகுதி இத்தகையோர் தம் வழியை விட்டுத் திரும்பியதன் வரலாறேயாகும். அவ்வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய சில கட்டங்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. சட்டம் இருந்தும் கேளாத செவி

கடலில் ஆபத்திற்குள்ளானோரைக் காப்பாற்றுதல் மாலுமிகளிடையே தொன்றுதொட்டு வழங்கிவரும் மரபாகும். அம்மரபைப் பல நாடுகள் கூடிச் சட்டவடிவில் எழுதியது 1910ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆகும். தன் கப்பலுக்கும் அதிலுள்ளோருக்கும் பெரும் ஆபத்து நேராத அளவில், கடலில் அழியும் நிலையிலுள்ள எவரையும், அவர் பகைவரேயாயினும், காப்பாற்றுதல் ஒவ்வொரு கப்பல் தலைவரின் கடமை என்று அவ்வுடன்படிக்கை விதித்தது. அதே உடன்படிக்கையில் வேறொன்றும் நம் கவனத்திற்குரியது. மூழ்கும் கப்பலையோ சரக்கையோ மீட்பவருக்கு ஊதியம் உண்டு. உயிர் பிழைத்த மனிதரிடமிருந்தோ ஊதியம் எதுவும் பெறுவதற்கில்லை. ஆக, பொருளை மீட்பது தொழிலாகவும், உயிரை மீட்பது கைம்மாறு கருதாக் கடமையாகவும் பிரிக்கப்பட்டன. மனிதனுக்கு விலை குறிக்க மறுத்தது அச்சட்டத்தின் சிறப்பு. ஆயின், உயிர் மீட்பவர் தம் கைப்பொருளை இழக்க நேரிடும் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது. பிரிட்டன் 1911இல் இக்கடமையைத் தன் சட்டத்தில் சேர்த்து, அதினின்று தவறுவதைக் குற்றமாக்கியது.

இதற்குச் சில மாதங்களுக்குப் பின், 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதன் அபாயச் செய்தியைக் கேட்ட கப்பல்களுள் ஒன்று, 58 கடல் மைல் தொலைவில், நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் சென்றுகொண்டிருந்த கார்ப்பேத்தியா. அதன் கம்பியில்லாத் தந்தி ஊழியர் உறங்கச் செல்லும் தறுவாயில், காதில் கருவியை வைத்தபடியே இருந்தமையால் அச்செய்தி அவர் செவிக்கு எட்டியது. கப்பல் தலைவர் ஆர்தர் ராஸ்ட்ரன் உடனே கப்பலைத் திருப்பினார். இயந்திரங்களுக்கு வேண்டிய நீராவியை மிகுவிக்கும்பொருட்டு அறைகளை வெப்பமூட்டும் நீராவியை நிறுத்தினார். போர்வைகளையும், சூடான பானங்களையும், மருத்துவர்களையும் ஆயத்தப்படுத்தினார். பனிப்பாறைகளிடையே இருளில் விரைந்து, அதிகாலை 4 மணியளவில் அங்குச் சேர்ந்தார். படகுகளில் இருந்த ஏறத்தாழ 700 பேர் உயிர் பிழைத்தனர். சுமார் 1,500 பேர் மாண்டனர்.

அதே இரவில் கலிபோர்னியன் என்னும் மற்றொரு கப்பல் கார்ப்பேத்தியாவைக் காட்டிலும் மிக அருகில் பனிக்கட்டிகளிடையே நின்றுகொண்டிருந்தது. அதன் தந்தி ஊழியர் மோதலுக்குச் சற்றுமுன் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றுவிட்டார். வானில் எழுந்த வெண்ணிற வாணங்களை அக்கப்பலின் அதிகாரிகள் கண்டனர். தலைவர் ஸ்டான்லி லார்டுக்கும் அறிவித்தனர். ஆயினும் தந்தி ஊழியரை எழுப்பிக் கேட்டறிவார் ஒருவரும் இல்லை. அக்கப்பல் வந்திருந்தால் பலரை, ஒருவேளை அனைவரையுமே, காப்பாற்றியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவுசெய்தது. அதன் தொலைவைப் பற்றியும் லார்டின் பொறுப்பைப் பற்றியும் விவாதம் ஓய்ந்ததில்லை. அவர்மேல் வழக்கு எதுவும் தொடரப்படவுமில்லை. எனினும் ஒன்று தெளிவு. அன்றிரவு சட்டம் இருந்தது, கப்பலும் இருந்தது. விழித்திருந்து கேட்கும் செவி ஒன்றே இல்லாதிருந்தது. 1914இல் இலண்டனில் கையொப்பமிடப்பட்ட கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, பயணிக் கப்பல்களில் தந்திக் கருவியை இடைவிடாது கேட்டிருக்கவேண்டும் என்ற விதியை வகுத்தமைக்கு இதுவே காரணமாகும்.

2. இருக்குமிடத்தை அறிவிக்கும் தன்விருப்பத் தொண்டு

செவி கிடைத்தபின்னும் ஒரு குறை எஞ்சிநின்றது. ஆபத்திலிருக்கும் கப்பலுக்கு அருகில் எக்கப்பல் உள்ளது என்பதைக் கரையிலுள்ளோர் அறிய வழியில்லை. இக்குறையைப் போக்க 1958 ஜூலை 18ஆம் நாள் அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆம்வெர் என்னும் முறையைத் தொடங்கியது. தொடக்கத்தில் அது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மட்டும் உரியதாயிருந்தது. பின்னர் உலகக் கடல்கள் அனைத்திற்கும் விரிந்தது.

இதன் செயல்முறை எளியது. புறப்படும் கப்பல் தன் பயணத் திட்டத்தை அனுப்பும். கடலில் இருக்கையில் உரிய கால இடைவெளியில் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும். வழிமாறினால் மாற்றத்தையும், துறைமுகம் சேர்ந்தால் வருகையையும் அறிவிக்கும். இவற்றைக் கணிப்பொறி தொகுத்து வைக்கும். எங்கேனும் அபாயக் குரல் எழும்பினால், அவ்விடத்தைச் சூழ்ந்துள்ள கப்பல்கள் எவை, அவற்றுள் மருத்துவர் உள்ளது எது என்பதை உடனே அறியலாம். அமெரிக்கக் கப்பல்களுக்கு இது கட்டாயம். பிற நாட்டுக் கப்பல்கள் தம் விருப்பத்தின்பேரிலேயே இதில் சேர்ந்தன. வணிகப் போட்டியில் கப்பலின் இருப்பிடமும் ஒரு மறைபொருளே. ஆதலால் இச்செய்திகள் உயிர்ப் பாதுகாப்புக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தப்படமாட்டா என்ற உறுதி அளிக்கப்பட்டது. இந்தியக் கடலோரக் காவல் படையும் இதனையொத்த தன்விருப்ப முறையொன்றை இண்ட்சார் என்னும் பெயரில் ஏற்படுத்தியுள்ளது.

இதன் பயன் 1980 அக்டோபர் 4ஆம் நாள் விளங்கிற்று. அலாஸ்கா வளைகுடாவில் பிரின்சன்டாம் என்னும் டச்சு உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் நள்ளிரவுக்குப்பின் தீ மூண்டது. கப்பலில் 500க்கு மேற்பட்டோர் இருந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் முதியோர். எண்ணெய் நிரப்பிச் சென்றுகொண்டிருந்த வில்லியம்ஸ்பர்க் என்னும் பெருங்கப்பல் செய்தியறிந்து திரும்பி வந்தது. அமெரிக்க, கனடிய ஹெலிகாப்டர்கள் படகுகளிலிருந்து முதியோரைத் தூக்கி அதன் மேல்தளத்தில் இறக்கின. கொந்தளிக்கும் கடலில் ஓர் உயிரும் இழக்கப்படவில்லை. எரிந்த கப்பல் மட்டும் ஒரு வாரத்திற்குப்பின் மூழ்கியது.

3. மீட்கப்பட்டோரை எங்கே இறக்குவது?

பிரின்சன்டாமின் பயணிகளுக்குக் கடவுச்சீட்டும் நாடும் வீடும் இருந்தன. இவை இல்லாதோர் கடலில் தத்தளித்தபோது நேர்ந்தது என்ன என்பதே அடுத்து நாம் நோக்கவேண்டியது.

1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. இரு நாட்களுக்குப்பின் கிளாரா மேர்ஸ்க் என்னும் டேனிஷ் சரக்குக் கப்பல், பழுதடைந்த ஒரு வியட்னாமியக் கப்பலினின்று 3,600க்கு மேற்பட்டோரை ஏற்றி ஹாங்காங்கில் சேர்த்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் சிறுபடகுகளில் வெளியேறியோர் தொகை பெருகிற்று. கரையோர நாடுகளோ அவர்களை இறக்கத் தயங்கின. யாரேனும் அவர்களை ஏற்பதாக உறுதிகூறினாலன்றி இறங்க இடமில்லை என்றன. கப்பல் பல நாட்கள் துறைமுகத்தில் முடங்க நேர்ந்தது. கைகாட்டி அழைத்த படகுகளைக் கண்டும் காணாததுபோல் கடந்துசென்ற கப்பல்களும் இருந்தன. அவற்றின் தலைவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவர்களை அவ்வாறு அஞ்சச் செய்தது கரையேயன்றோ?

இதனை உணர்ந்தே 1979 ஜெனீவா மாநாட்டையொட்டி, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரின் முயற்சியால் ஒரு திட்டம் உருவாயிற்று. கப்பலின் கொடிக்குரிய நாடு அகதிகளை ஏற்க இயலாதாயின், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய சில நாடுகள் அவர்களைக் குடியமர்த்தும் பொறுப்பைக் கூட்டாக ஏற்றன. கப்பல் உரிமையாளர்களின் சில செலவுகளை ஈடுசெய்யவும் வழி வகுக்கப்பட்டது. கரை தன் பங்கை ஏற்றபோது, கடலில் உள்ளோர் தம் பங்கை ஆற்றுதல் எளிதாயிற்று.

நம் இனத்தாரும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். 1986 ஆகஸ்டு மாதம் இலங்கைத் தமிழர் 155 பேர் இரு திறந்த படகுகளில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் மூடுபனியில் மிதந்துகொண்டிருந்தனர். மீன்பிடிப் படகினர் கண்டு அவர்களைக் கரைசேர்த்தனர். தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் கூறினர். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கப்பலில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் என்பது பின்னர் வெளிப்பட்டது. இதனால் நாட்டில் வாக்குவாதம் எழுந்தது. ஆயினும் பகைவரையும் காப்பாற்றவேண்டும் என்ற சட்டம் முதலில் வாக்குமூலம் கேட்பதில்லை. கயிறு வீசிய மீனவரும் கேட்கவில்லை. கனடா அவர்களைத் தங்க அனுமதித்தது.

4. டாம்பா கப்பல்

2001 ஆகஸ்டு 26ஆம் நாள், ஆஸ்திரேலிய அதிகாரிகளின் வேண்டுகோளை ஏற்று டாம்பா என்னும் நார்வே சரக்குக் கப்பல், இந்தியப் பெருங்கடலில் மூழ்கும் நிலையிலிருந்த படகினின்று 438 பேரை ஏற்றியது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்கானியர். அக்கப்பலின் பணியாளர் 27 பேரே. கிறிஸ்துமஸ் தீவில் அவர்களை இறக்க ஆஸ்திரேலிய அரசு மறுத்தது. நோயுற்றோர் நிலை கண்டு தலைவர் ஆர்னே ரின்னன் ஆகஸ்டு 29ஆம் நாள் அந்நாட்டின் கடல் எல்லைக்குள் நுழைந்தபோது, படைவீரர் கப்பலில் ஏறினர். முடிவில் அவர்களுள் பலர் நவ்ரு தீவுக்கும், மற்றவர் நியூசிலாந்துக்கும் அனுப்பப்பட்டனர். மீட்கும்படி கேட்டுக்கொண்ட நாடே மீட்கப்பட்டோரை ஏற்க மறுத்தது என்பது இந்நிகழ்ச்சியின் முரண்பாடு. 2002இல் ரின்னனுக்கும், அவர் பணியாளருக்கும், கப்பல் நிறுவனத்திற்கும் அகதிகள் உயர் ஆணையகத்தின் நான்சன் விருது வழங்கப்பட்டது. மீட்கப்பட்டோரைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கி, கப்பல் தலைவரை விரைவில் விடுவிக்க நாடுகள் ஒத்துழைக்கவேண்டும் என்ற திருத்தங்கள் 2004இல் ஏற்கப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் எந்த நாடு ஏற்கவேண்டும் என்பதை அவை திட்டமாக வரையறுக்கவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் அறிவது யாது? மீட்பு என்பது ஒரு வீரச்செயலோடு முடிவதன்று. கேட்டல், இருக்குமிடம் அறிவித்தல், வழியை விட்டுத் திரும்புதல், ஏற்றிக்கொள்ளுதல், கரையில் வரவேற்றல் என அது தொடர்ச்சியான பணியாகும். ஒரு கண்ணி அறுந்தாலும் ஏனையவை பயனற்றுப் போகின்றன. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலின் கப்பற்சேதத்தை விவரிக்கும் லூக்கா, கப்பலில் இருந்த 276 பேரும் கரைசேர்ந்தனர் என்பதோடு நிறுத்தவில்லை. மழையிலும் குளிரிலும் தீவார் நெருப்பு மூட்டி அனைவரையும் சேர்த்துக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். அத்தீவார் வந்தவர்களுள் கைதி யார், காவலர் யார் என்று முதலில் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆயர்களாகிய நமக்கும், ஆயர் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் உரிய இடம் பெரும்பாலும் கரையே. சபையார் அகதிகளைக் குறித்து என்ன நினைக்கின்றனர், அரசு அவர்களை ஏற்கையில் ஆதரிக்கின்றனரா எதிர்க்கின்றனரா என்பன நடுக்கடலில் ஒரு கப்பல் தலைவர் சுக்கானைத் திருப்புவாரா என்பதைத் தீர்மானிப்பனவாகும். நெருப்பு மூட்டும் கரை இருந்தால் கப்பல்கள் திரும்பும்.