நூறு பேருக்கு ஒருவர்

1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' வழியாகத்தான் கல்லூரி வினாடி வினா நம்மில் பலருக்கு அறிமுகம். ஆனால் கேள்விக்கணைகளுக்கு மேடையில் பதில் சொல்வது தமிழில் பழைய கலை. அதன் பெயர் அவதானம்.

ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். இன்னொருவர் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். நடுநடுவே மணி அடிப்பார்கள், முதுகில் கல் எறிவார்கள். கடைசியில் அந்த எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். எட்டு என்றால் அட்டாவதானம், நூறு என்றால் சதாவதானம்.

1907 மார்ச் 10-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்து காட்டியவர் செய்குதம்பிப் பாவலர். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-ல் பிறந்தவர். சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். வள்ளலார் பாடல்கள் அருட்பாவே என்று மேடையேறி வாதாடியவர்.

அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். முஸ்லிம் புலவர் திணறட்டும் என்று, துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியை ஒருவர் கொடுத்தாராம். பாவலர் கலங்கவில்லை. முந்தைய அடியை 'சத்' என்று முடித்தார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். தம்பிக்கு அண்ணன் துணையானான். சபை ஆர்ப்பரித்தது.

வெறும் ஞாபகசக்தி அங்கே கைகொடுத்திருக்காது. யாப்பும் தெரிந்திருந்தது, இராமாயணமும் தெரிந்திருந்தது. கோபப்படாத மனமும் இருந்தது.

பாவலர் 1950-ல் மறைந்தார். 2008-ல் அஞ்சல்தலை வந்தது. வலங்கைமான் பக்கம் குவிஸுக்குத் தயாராகும் பிள்ளைகளே, பொது அறிவுப் புத்தகத்தோடு இவரையும் படியுங்கள்.