கைத்தறிச் சேலையா, விசைத்தறி நகலா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை: முழு விளக்கம்

மயிலாப்பூருக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிற நொச்சிக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு விழா மண்டபம் வரும். 2015 ஆகஸ்ட் 7-ம் தேதி, நாட்டின் முதல் தேசிய கைத்தறி தினத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தது இங்கேதான். அதே குப்பத்திலிருந்து தெற்கே, அடையாற்றைத் தாண்டிப் போனால் திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா. பழைய காஞ்சிபுரம் சேலை டிசைன்களை மீட்டெடுக்கும் வேலையை 1930-களிலேயே கையில் எடுத்த நிறுவனம் அது.

ஆகஸ்ட் 7 வந்தால் கைத்தறிச் சேலை கட்டிப் படம் எடுத்துப் பதிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால், கட்டியிருப்பது உண்மையிலேயே கைத்தறிதானா? இந்தக் கேள்விக்கு வாங்குபவருக்கே பதில் தெரியவில்லை என்றால், நெசவாளருக்குப் போகும் என்று நினைத்துக் கொடுத்த பணம் வேறு எங்கோ போய்ச் சேர்ந்துவிடும். ஏன், எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 7 ஏன்?

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கூட்டத்தில்தான் சுதேசி இயக்கம் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அந்நியத் துணியைப் புறக்கணிப்போம், உள்ளூர்த் துணியை வாங்குவோம் என்பது அதன் மையக் கருத்து. அந்த நாளைத்தான் 110 ஆண்டுகள் கழித்துக் கைத்தறி தினமாக மத்திய அரசு தேர்வு செய்தது.

அதேநேரம், கைத்தறிக்குக் கொள்கை ஆலோசனை சொல்ல 1992-ல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020-ல் மத்திய அரசு கலைத்தது. அந்த ஆண்டின் கைத்தறி தினத்துக்குச் சில நாட்கள் முன்புதான் இது நடந்தது.

எத்தனை பேர் இன்னும் தறியில் இருக்காங்க?

மத்திய அரசின் கைத்தறிக் கணக்கெடுப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். 1995-96-ல் நாடு முழுக்க நெசவாளர்களும் சார்புத் தொழிலாளர்களும் சேர்ந்து சுமார் 65.5 லட்சம் பேர். 2009-10-ல் 43.3 லட்சம். 2019-20-ல் எடுத்த நான்காவது கணக்கெடுப்பில் 35.2 லட்சம். கால் நூற்றாண்டில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தொழிலை விட்டே போய்விட்டார்கள்.

இருப்பவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். தார் சுற்றுவது, பாவு பிடிப்பது, தறியில் உட்கார்ந்து நெய்வது என எல்லாக் கட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். வருமானம்? ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்கிறது அதே கணக்கெடுப்பு. "என் பிள்ளை இந்தத் தறிக்குழியில இறங்க வேண்டாம்" என்று நெசவாளர் வீடுகளில் சொல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சென்னைக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்?

சென்னை என்ற நகரம் உருவானதற்கே துணிதான் முக்கியக் காரணம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தபோது, இந்தப் பகுதியில் நல்ல துணி குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பது பெரிய ஈர்ப்பு. 1734-ல் கூவம் கரையில் நெசவாளர்களுக்காகவே ஒரு குடியிருப்பை உருவாக்கினார்கள். சின்னத் தறிப்பேட்டை என்ற அந்தப் பெயர்தான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இப்போது அங்கே தறிச் சத்தம் இல்லை, பேர் மட்டும் இருக்கிறது.

இன்று சென்னை நெய்கிற ஊர் இல்லை, வாங்குகிற ஊர். தி.நகர் பனகல் பார்க் சுற்றுவட்டாரம் 1920-களின் கடைசியிலிருந்தே பட்டுச் சேலைக்குப் பேர் போனது. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் தறிகளில் அடுத்த மாதம் எந்த டிசைன் ஏறும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த மாதிரிக் கடைத்தெருக்களின் ஆர்டர்தான். அதனால்தான் சென்னையில் வாங்குபவருக்கு விவரம் தெரிந்திருப்பது முக்கியம்.

கலாக்ஷேத்ரா என்ன செய்தது?

ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் அடையாற்றில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1937-ல் அங்கே நெசவு மையமும் வந்தது. நாட்டியப் பள்ளிக்குத் தறி எதுக்கு?

மேடைக்கு உடை தேவைப்பட்டது. அன்றைய சந்தையில் மில் துணியும் புது மோஸ்தர் டிசைன்களும் பெருகி, பழைய அகலக் கரைச் சேலைகள் அரிதாகிக்கொண்டிருந்தன. பழைய டிசைன்களையும் நிறச் சேர்க்கைகளையும் எடுத்து, நெசவாளர்களை வைத்து மறுபடியும் நெய்ய வைத்தார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு நேர் எதிர் நிறம், மினுமினுப்பைக் காட்டிலும் கரையின் அழகுக்கு முதலிடம். "கலாக்ஷேத்ரா சேலை" என்று இன்றைக்கும் கடைகளில் தனியாகச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு அந்த பாணி நிலைத்துவிட்டது. 1962-ல் நிறுவனம் திருவான்மியூருக்கு மாறிய பிறகும் நெசவுப் பிரிவு தொடர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய சேலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்ததால் அந்த டிசைன்கள் பிழைக்கவில்லை. அந்தத் தரம்தான் வேண்டும் என்று தெரிந்து கேட்டு, தொடர்ந்து வாங்க ஒரு ஆள் இருந்ததால் பிழைத்தன. மீட்டெடுப்பு என்றால் நடைமுறையில் இதுதான்.

'கோர்வை'ன்னா என்ன? ஏன் விலை அதிகம்?

காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம் என்று பார்த்திருப்பீர்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலே கரைக்கு வேறு, உடலுக்கு வேறாகப் போனால்தான் இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும். இதற்கு ஒரு நாடா போதாது. இரண்டு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று என மூன்று நாடா வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கரையும் உடலும் சேரும் இடத்தில் ஊடை நூல்களை ஒன்றோடொன்று கோர்த்து வாங்க வேண்டும். அதனால்தான் பெயர் கோர்வை. ஒருவர் தறியில் இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்க நாடாவைத் தள்ள இன்னொருவர் தேவை.

ஒரு காலத்தில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவோ கூலிக்கு வந்த சிறுவனாகவோ இருந்தான். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நடவடிக்கைகளால் அது குறைந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அது நடந்தே ஆக வேண்டிய மாற்றம். ஆனால் அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்கும் முழுக் கூலி கொடுத்தாக வேண்டும்.

ஒரு எளிய கணக்கு. கோர்வைச் சேலை ஒன்றுக்கு இரண்டு பேர், 10 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாள் கூலி 500 ரூபாய் என்றால்கூட, கூலி மட்டுமே 10,000 ரூபாய். பட்டு நூல், சரிகை, சாயம், பாவு ஓட்டும் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். அப்படியிருக்க, "சுத்தப் பட்டு, கைத்தறி, கோர்வை, வெறும் 3,000 ரூபாய்" என்று யாராவது சொன்னால், அந்த மூன்றில் ஒன்றாவது உண்மை இல்லை.

நகலைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1985-ம் ஆண்டு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி 11 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம். பருத்தியிலும் பட்டிலும் குறிப்பிட்ட வகைக் கரை, முந்தானை வேலைப்பாடு கொண்ட சேலைகள் அதில் அடக்கம். விசைத்தறி உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்னது. ஆனால் ஒவ்வொரு தறிக்கூடத்தையும் ஆய்வு செய்வது நடக்கிற காரியமா? கைத்தறி டிசைனைப் பார்த்து, சில மணி நேரத்தில் விசைத்தறியில் நெய்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விசைத்தறிச் சேலையை விசைத்தறிச் சேலை என்று சொல்லி விற்பதில் எந்தத் தவறும் இல்லை. அதை நம்பியும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கைத்தறி என்ற பெயரில் விற்பதுதான் பிரச்சினை.

எந்த முத்திரை எதைச் சொல்லும்?

பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

சில்க் மார்க்: 2004-ல் வந்தது. நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுச் சேலைக்கும் இது கிடைக்கும்.

ஹேண்ட்லூம் மார்க்: 2006-ல் வந்தது. துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்கான முத்திரை. லேபிளில் தனி எண் இருக்கும்.

இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டு: 2015-ல் சென்னையில் அதே கைத்தறி தின விழாவில் அறிமுகமானது. கைத்தறி என்பதோடு நூல், சாயம், நெசவுத் தரத்தையும் சேர்த்துச் சொல்வது.

புவிசார் குறியீடு: காஞ்சிபுரம் பட்டு, ஆரணிப் பட்டு, திருபுவனம் பட்டு, கோவை கோரா காட்டன், செட்டிநாடு கண்டாங்கி, நெகமம் காட்டன் போன்றவை பெற்றிருக்கின்றன. இது ஊரையும் அந்த ஊர் முறையையும் குறிப்பது.

பட்டுச் சேலைக்கு சில்க் மார்க்கும் ஹேண்ட்லூம் மார்க்கும் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதி உண்மைதான் கையில் இருக்கிறது.

கடையில் எப்படிச் சரிபார்ப்பது?

சேலையைத் திருப்பிப் பாருங்கள். கோர்வை என்றால், கரையும் உடலும் சேரும் கோட்டில் விரலை ஓட்டினால் லேசான மேடு தட்டுப்படும். நூல்கள் கோர்த்து வாங்கிய தடம் அது. கரையின் நிறம் உடலுக்குள் கலந்திருக்காது.

நெசவில் மிகச் சிறிய ஏற்ற இறக்கம் கைத்தறியில் இயல்பு. அதைக் குறை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

ஓரத்தில் வரிசையாக ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப முடியாது. துணியை அகலவாக்கில் இழுத்துப் பிடிக்கும் அமைப்பு விசைத்தறியிலும் உண்டு.

ஒரு நூலை எரித்து, முடி கருகிய வாசனை வருகிறதா என்று பார்ப்பது பட்டா, இல்லையா என்பதற்கான சோதனை. கைத்தறியா என்பதை அது சொல்லாது.

எல்லாவற்றையும் விட எளிமையான வழி: "பில்லில் 'கைத்தறி'ன்னு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். உண்மையாக விற்பவருக்கு அதில் தயக்கம் இருக்காது. பின்னால் பிரச்சினை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்கள் கையில் இருக்கும் ஆதாரமும் அதுதான்.

பட்ஜெட் கம்மிங்க, என்ன பண்றது?

கைத்தறி என்றாலே கல்யாணப் பட்டு என்று நினைக்க வேண்டாம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவிலும் பருத்திக் கைத்தறிச் சேலைகள் கிடைக்கின்றன. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை வாங்கி விற்கிற நிறுவனம். தீபாவளி, பொங்கல் சமயங்களில் அங்கே தள்ளுபடியும் உண்டு. சில சேலைகளோடு, நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையும் வைத்துக் கொடுக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஐந்து சேலை எடுக்கிற வீட்டில், அதில் ஒன்று கேட்டு, பார்த்து, பில்லோடு வாங்கிய கைத்தறியாக இருந்தால் போதும். தறிக்குத் தேவை தொடர்ந்து வரும் அந்த ஆர்டர்தான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால் "இது எந்தத் தறிங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.