உடல்நல அறிவு நம்மவர் கைக்கு வந்த வரலாறு

வைத்தியம் பற்றிக் காதில் விழுவனவற்றுள் எது மெய், எது பொய் என்று தெளியமாட்டாமல் இன்றைய வாலிபர்கள் திகைக்கின்றனர் என்று பெரியோர்கள் குறைப்படுவதுண்டு. கைத்தொலைபேசியில் காலையில் ஒரு கஷாயம் வருகிறது. மாலையில் ஒரு குளிசை வருகிறது. இரவில் அவ்விரண்டும் நஞ்சென்று ஓர் எச்சரிக்கை வருகிறது. குறை நியாயமானதே. ஆயினும் இத்திகைப்பு நேற்றுத் தோன்றியதன்று. நம் பாட்டனாரும் அவர் பாட்டனாரும் இதனூடாகவே நடந்து வந்தனர். அவர்களுக்கு நம்பத்தக்க அறிவை, அதுவும் தமிழில், கொடுக்க முயன்றோர் சிலர் இருந்தனர். அவர்களுடைய கதையை இம்மலரின் வாயிலாக அங்கத்தவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

நம் நாட்டில் வைத்திய அறிவு ஒருகாலும் இல்லாமலிருந்ததில்லை. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து நூல்களாகப் போற்றப்படும் செகராசசேகரமும் பரராசசேகரமும் அதற்குச் சான்று. ஆனால் அவ்வறிவு ஏட்டுக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் அடைபட்டுக் கிடந்தது. தகப்பன் மகனுக்குச் சொல்வான், அயலானுக்குச் சொல்லான். மருந்துச் சரக்குகளுக்குப் பரிபாஷைப் பெயரிட்டு மறைப்பதும் வழக்கம். பரராசசேகரம் ஏட்டைவிட்டு அச்சிலேறியது 1920களின் இறுதியிலேதான், ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் பட்ட பாட்டினால் அது பல பாகங்களாக வெளிவந்தது. அதுவரையும் கைராசியுள்ள பரியாரியார் ஊருக்கொருவர் இருந்தார். நல்லவராயிருந்தால் ஊர் பிழைத்தது. அவர் சொல்வது சரிதானா என்று ஒத்துப் பார்க்கப் பொதுமக்களிடம் ஒரு நூலும் இருக்கவில்லை.

இந்நிலையிலேதான் 1847ஆம் ஆண்டில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். அவர் அமெரிக்காவிலே மசாசுசெற்ஸ் மாகாணத்து வூஸ்ற்றர் நகரில் 1822ஆம் ஆண்டில் பிறந்தவர்; அமெரிக்க மிஷனாரால் அனுப்பப்பட்டவர். அவருக்கு முன்னும் மிஷன் வைத்தியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தனர். பண்டத்தரிப்பில் ஸ்கடர் 1820 அளவிலேயே தொண்டு தொடங்கியவர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கி, வந்த மறு ஆண்டே மாணவர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

இங்கே ஒன்றை ஒளியாமல் சொல்லிவிடுதல் வேண்டும். கிறீன் வந்த நோக்கம் நம்மவரைக் கிறிஸ்தவராக்குவது. அதை அவர் மறைத்ததில்லை. தம் கல்லறையிலும் தமிழருக்கு அனுப்பப்பட்ட வைத்திய ஊழியன் என்றே பொறிக்கச் செய்தார். அதே 1822ஆம் ஆண்டில் நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர் அம்முயற்சியை எதிர்த்து நின்ற வரலாற்றை நம் சங்கத்துச் சிறுவரும் அறிவர். ஆயினும் இருவரும் ஒரு காரியத்தில் ஒத்தனர் என்பது நம் கருத்து. சாதாரண மனிதன் வாசித்து விளங்கக்கூடிய தமிழ் வசனத்தில், அச்சுப் புத்தகமாக, அறிவைக் கொடுக்க வேண்டும் என்பதே அது. நாவலர் சமயத்துக்கும் கல்விக்கும் செய்ததைக் கிறீன் வைத்தியத்துக்குச் செய்தார். சமயப் பிணக்கைக் காரணங்காட்டி இப்பணியை மறந்துவிட்டால் நட்டம் நமக்கே.

அவர் முதலில் மொழிபெயர்க்க எடுத்த நூல் வைத்தியருக்குரியதன்று என்பது கவனிக்கத்தக்கது. கல்வின் கற்றர் என்பார் கல்லூரி மாணவருக்கும் குடும்பத்தாருக்குமாக எழுதிய உடற்கூறு, உடற்றொழில், சுகாதார நூல் அது. தமிழிலே அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்று 1850களில் வெளிவந்தது. பெயர்கள் இன்று நமக்குச் சற்று விநோதமாகத் தோன்றும். பாதாதிகேசம் என்று புலவர் பாடும் மரபை அறிந்தவர்க்கு அங்காதிபாதம் என்ற சொல்லின் பிறப்பு எளிதிற் புலப்படும். உற்பாலனம் என்பது சுகாதாரம். இரசாயனத்தை அவர் கெமிஸ்தம் என்றே அழைத்தார். அந்தச் சொல் பிழைக்கவில்லை, அதற்காக நாம் வருந்தவும் இல்லை.

பின்னர் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் அச்சேறின. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது உலகெங்கும் வைத்திய மாணவர் படிக்கும் கிரேயின் உடற்கூற்று நூலே. இலண்டனிலே அது முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கு ஆண்டுகளுக்குள் அது தமிழில் இருந்தது. இன்று அத்தகைய நூலொன்று தமிழுக்கு வர எத்தனை காலம் செல்லும் என்று அங்கத்தவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

கிறீன் தனியே இருந்து இதைச் செய்யவில்லை. சப்மன், தன்போர்த் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்த்தனர். அவர் ஒப்புநோக்கித் திருத்தினார். அப்பெயர்களைக் கண்டு அவர்களை வெள்ளையர் என்று எண்ணிவிடலாகாது. மிஷன் பாடசாலையில் அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரே அவர்கள். கலைச்சொல் வேண்டியபோது முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது, இல்லாவிடின் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்ற முறையை அவர் கையாண்டார். சொற்களை வெறுமனே அடுக்கிவிடாமல் அருஞ்சொற்றொகுதிகளையும் அச்சிட்டார். கவிஞர் அம்பி அவர்கள் கிறீனின் பணியை ஆராய்ந்து எழுதியவற்றில் இவற்றை விரிவாகக் காணலாம்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். 1857இல் உடல் நலிந்து தாயகம் சென்று, 1862இல் மீண்டு வந்தபின் மனம் மாறினார். ஆங்கிலத்தில் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தைத் தேடி ஊரைவிட்டுப் போய்விடுகிறான். தமிழில் கற்றவன் ஊரிலே நின்று ஊராருக்கு உதவுவான் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே 1864 முதல் வகுப்புகள் தமிழில் நடந்தன. மாணவர் தம் ஊர் உடையையும் பழக்கவழக்கத்தையும் விடாதிருத்தலையே அவர் விரும்பினார். காற்சட்டை போட்டவனிடம் கிராமத்துக் கிழவி வாய்திறந்து தன் நோயைச் சொல்லாள் என்பதை அந்த அந்நியர் அறிந்திருந்தார் போலும்! ஆங்கில வகுப்பும் தமிழ் வகுப்புமாக 60க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். 1873இல் அவர் ஈழத்தை விட்டுச் சென்றார். வூஸ்ற்றரிலே இருந்துகொண்டும் தமிழ் அச்சுப் படிகளைத் திருத்தி அனுப்பினார். 1884 மே மாதத்தில் மறைந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் உண்டு. தமிழ்வழி வைத்தியப் படிப்போ அவருக்குப் பின் நிலைக்கவில்லை. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. பட்டமும் உத்தியோகமும் அப்பக்கமாகவே இருந்தன.

இனி நம் கொழும்புக்கு வருவோம். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நன்கறிவர். அதை எடுப்பித்தவர் பொன்னம்பல முதலியார். கருங்கற்றிருப்பணியாக்கியவர் அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மற்றொரு புதல்வர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆரோக்கிய அறிவுக்குச் செய்த தொண்டை நம்மவர் பேசுவதேயில்லை. போட்டிப் பரீட்சையில் தேறி 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவர். பின்னர்ப் பதிவாளர் நாயகமாகிப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அறிக்கை எழுதியவரும் அவரே. அன்று இந்நாட்டுச் சனத்தொகை ஏறத்தாழ 35 இலட்சத்து 66 ஆயிரம்.

பதிவேட்டுக்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். இந்த மருந்தால் நூறுபேர் பிழைத்தார்கள் என்று ஒருவன் சொன்னால், எத்தனைபேர் குடித்தார்கள், எத்தனைபேர் இறந்தார்கள் என்று திருப்பிக் கேட்க ஒரு கணக்கு வேண்டும். இறந்தவனை எண்ணாத நாட்டில் எந்த வைத்தியனும் வென்றவனே. 1935ஆம் ஆண்டில் இலங்கையில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. அந்த ஆண்டு மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடிய ஆண்டு. 1946இல் அத்தொகை 141. 1947இல் 101. இன்று 10க்கும் குறைவு. இவ்வீழ்ச்சியைக் கண்ணால் காணமுடிவது எண்ணிவைத்ததனாலேயே.

இடையில் 1914ஆம் ஆண்டில் கொழும்புக்குக் கொள்ளைநோயும் வந்தது. செட்டியார் தெருவை அடுத்த அரிசிக் களஞ்சியங்களில் எலிகள் மடிந்தன. பின்னர் மனிதர் மடிந்தனர். அந்நோயின் கிருமியை யெர்சின் என்பார் 1894இலேயே ஹொங்கொங்கில் கண்டுபிடித்திருந்தார். எலித்தெள்ளே அதைப் பரப்புகிறதென்று சைமண்ட் என்பார் 1898இல் கராச்சியில் காட்டியிருந்தார். அறிவு அறிஞரிடம் இருந்தது. அரிசி மூட்டை சுமந்த தொழிலாளிக்கும், அவன் மனைவிக்கும், அவர்கள் மொழியில் அதை எடுத்துச் சொல்லி நம்பவைப்பது முற்றிலும் வேறு வேலை. அவ்வேலையைச் செய்யவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதரும் வேண்டியவராயினர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி அம்முறையை நாடெங்கும் பரப்ப வழிகாட்டிற்று.

மருந்தைப் பற்றிய மெய்யை வாங்குவோன் கையில் கொடுத்தவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. ஒரே மருந்து பத்துக் கம்பனிகளின் பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் விற்கப்படுவதை அவர் கண்டார். வைத்தியருக்கும் மருந்து பற்றி அறிவிப்பவர் அதை விற்கும் கம்பனியின் பிரதிநிதியே. அவர் தம் சரக்கைத் தாமே பழிப்பாரா? ஆகவே பிபிலேயும் துணைவரும் வைத்தியசாலைகளுக்குரிய மருந்துக் கையேட்டைத் தொகுத்தனர். அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையின் பயனாக 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இறக்குமதியான ஏறக்குறைய 2,100 வகை மருந்துகளில் 600 அளவானவையே போதும் என்று கண்டனர். பிபிலே 1977இல் கயானா நாட்டில் காலமானார். மருந்தின் பொதுப்பெயரைக் கேட்டு வாங்குங்கள் என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற உபாயம். பனடோல் என்று கேட்பவனும் பரசிற்றமோல் என்று கேட்பவனும் கேட்பது ஒன்றையே. இதை அறியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் ஈரலைக் கெடுத்துக்கொள்கின்றனர். டெங்குக் காய்ச்சல் மிகுந்த கொழும்பிலே, காய்ச்சலுக்கு அஸ்பிரினும் இபுபுரோபனும் தாமாக வாங்கி விழுங்கலாகாது என்பதையும் வாலிபர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவை இரத்தப்பெருக்கை உண்டாக்கக்கூடியவை.

அண்மைக்கால வரலாற்றையும் தொட்டுச் செல்வோம். 2020 டிசெம்பரில், கொரோனாத் தொற்றின் நடுவே, கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்துக்கொண்டு நின்றனர். தொற்றைத் தடுக்குமென்று சொல்லப்பட்ட பானம். அதற்காகக் கூடிய கூட்டமே தொற்றைப் பரப்பும் கூட்டம். அன்றைய சுகாதார அமைச்சரே அதைப் பலர் காணக் குடித்தார். 2021 சனவரியில் அவருக்கும் தொற்றுக் கண்டது. பதவியில் உள்ளவர் குடித்தார் என்பது மருந்துக்குச் சாட்சியாகாது. சுதேச வைத்தியத்தைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி சித்த வைத்தியரும் பதிவு பெற வேண்டியவரே. மேனாட்டு வைத்தியருக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவேடு இருக்கிறது. எந்த முறையாயினும், பெயரையும் பதிவையும் கேட்டால் கோபிக்கும் வைத்தியரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் பிள்ளைகளுக்கு மொழி இன்னும் ஒரு தடையாகவே இருக்கிறது. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில். தாதி பேசுவது பலவேளை சிங்களத்தில். நோய் மட்டும் தமிழில்! மூத்த அங்கத்தவர் ஒருவர் துணைக்குச் சென்று மொழிபெயர்த்துக் கொடுப்பதை நம் சங்கம் ஒரு தொண்டாகவே எடுத்துச் செய்யலாம். கிறீனின் மாணவர் செய்த வேலையின் சிறு பகுதிதானே அது. கின்சி வீதியிலுள்ள சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தமிழிலும் பிரசுரங்களை வெளியிடுகிறது. மனச்சோர்வு, உறக்கமின்மை, பரீட்சைப் பயம் ஆகியவற்றை வீட்டாரிடம் சொல்லக் கூசும் வாலிபர் பலர் நம்மிடையே உண்டு என்பதைப் பெரியோர்கள் அறிதல் நன்று. அவர்களுக்கென்று தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.