காரைக்கால் பள்ளிகளில் கல்வியாண்டும் பாடவேளையும்

காரைக்கால் வட்டாரத்தின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஓராண்டுப் பாடத்தை மாதம், வாரம், பாடவேளை என்று பகிர்ந்து நடத்தும் முறை அண்மை ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவந்த கல்வியாண்டு, அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியதும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதாக ஆனது. வடகிழக்குப் பருவமழை இந்தக் கல்வியாண்டின் நடுவில் வருகிறது. ஆகவே இங்கு கால அட்டவணை போடுபவர் தேர்வுத் தேதி, மழைக்காலம் இரண்டையும் கணக்கில் வைத்தே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இடமும் நிர்வாகமும்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு வட்டாரங்களில் ஒன்று. காவிரிப் படுகையின் கடலோரத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே அமைந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சம்.

1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. இவ்விரு தேதிகளும் இன்றைக்கும் புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகளின் விடுமுறைப் பட்டியலில் இடம்பெறுகின்றன. சில கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் பள்ளிகளுக்கு அன்று வழக்கம்போல் வகுப்பு நடக்கும்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கெனத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. அதனால் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தின் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரத்தின் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. காரைக்கால் மாணவர்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளைத் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வழியாகவே எழுதினார்கள். அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு முதலில் வந்த சி.பி.எஸ்.இ., பின்னர் மேல் வகுப்புகளுக்கும் விரிந்தது. 2025 தொடக்கத்தில் அரசுப் பள்ளி மாணவர்கள் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வை எழுதினார்கள்.

ஆண்டின் பிரிவுகள்

தமிழ்நாட்டு முறையில் ஆண்டு மூன்று தேர்வுகளால் பிரிகிறது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் அல்லது ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் அரையாண்டுக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள் நடக்கும். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரையிலும், அடுத்த ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக்கும் தமிழ்நாடு முப்பருவ முறையைக் கொண்டுவந்தது. ஒரு பருவத்தின் புத்தகத்தைப் படித்து, தேர்வு எழுதி முடித்த பிறகு அடுத்த பருவத்துக்குப் போவது அதன் வழி. பத்தாம் வகுப்புக்கு அம்முறை வரவில்லை. பொதுத்தேர்வு ஆண்டு முழுவதற்குமான பாடத்தைக் கேட்பதே காரணம்.

சி.பி.எஸ்.இ. முறையில் ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. சில வாரங்கள் வகுப்பு நடந்த பின் கோடை விடுமுறை. ஜூனில் மீண்டும் பள்ளி திறக்கும். பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு முதன்மைப் பாடத்துக்கும் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 20. அகமதிப்பீட்டில் இடைத்தேர்வுகளும் செயல்பாடுகளும் சேரும். ஆண்டு முழுக்கப் பரவிய இந்த 20 மதிப்பெண்ணுக்காகவும் அட்டவணையில் நேரம் ஒதுக்க வேண்டும்.

இரு முறைகளின் தேர்வுத் தேதிகளைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெளிவாகும். 2025இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 அன்றும், பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28 அன்றும் தொடங்கின. சி.பி.எஸ்.இ. தேர்வு இரு வகுப்புகளுக்கும் பிப்ரவரி 15 அன்றே தொடங்கியது. பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்கூட்டி. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுகள் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடும். ஆகவே டிசம்பருக்குள் பாடம் முடிந்தாக வேண்டும். ஏப்ரலில் கிடைக்கும் வாரங்கள் இந்தக் குறைவை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

பாடவேளை அட்டவணை

ஆண்டுத் திட்டத்தின் அடிப்படை அலகு பாடவேளை. பேச்சில் இதைப் 'பீரியட்' என்றே சொல்வார்கள். 40 முதல் 45 நிமிடம் கொண்ட எட்டுப் பாடவேளைகள் ஒரு நாள் என்பது பரவலான அமைப்பு. வாரம் ஐந்து நாள் என்றால் 40 பாடவேளைகள். மொழிப்பாடங்கள், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவை பெரும்பாலானவற்றை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் உடற்கல்வி, கலை, கணினி, நூலகம் முதலியவை அடங்க வேண்டும்.

அட்டவணை போடும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு மூத்த ஆசிரியரிடம் இருக்கும். நகர்த்த முடியாத கட்டங்களை அவர் முதலில் நிரப்புவார். பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் பிரிவுகளின் ஆய்வக வகுப்புக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளை தேவை. ஓர் ஆய்வகத்தை ஒரே நேரத்தில் இரு வகுப்புகளுக்குக் கொடுக்க முடியாது. ஒரு வகுப்பிலேயே மாணவர் வெவ்வேறு மொழி எடுத்திருந்தால், அம்மொழி வகுப்புகள் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். இவை அமர்ந்த பிறகு, பல பிரிவுகளுக்குப் பொதுவான ஆசிரியர்களின் பாடங்கள் வரும். கணிதத்தை மதிய உணவுக்கு முன் வைக்கவே பெரும்பாலான ஆசிரியர் விரும்புவார்கள். எல்லாப் பிரிவுக்கும் அது வாய்க்காது. கடைசிப் பாடவேளை விளையாட்டுக்குப் போகும் வழக்கம் இப்படித்தான் நிலைத்தது.

சட்டம் விதிக்கும் அளவும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 கற்பித்தல் மணி என்று வரையறுத்துள்ளது. நாளுக்குச் சராசரி நாலரை மணி நேரம். எட்டாம் வகுப்புக்கு மேல் இச்சட்டத்தின் அட்டவணை பொருந்தாது என்றாலும், ஒரே வளாகத்தில் இயங்கும் பள்ளிக்கு ஒரே நாட்காட்டிதான் என்பதால் மேல் வகுப்புகளும் ஏறக்குறைய அந்த அளவையே ஒட்டிச் செல்கின்றன.

மழையும் திருவிழாவும்

காரைக்காலின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. காற்றழுத்தத் தாழ்வு கரையை நெருங்கினால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் இடையே கரை கடந்தபோதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் இக்கடலோரம் முழுதும் பள்ளிகள் மூடப்பட்டன. மழை நின்றாலும் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் வடியும்வரை வருகை குறைவாகவே இருக்கும். அந்நாட்களில் புதிய பாடத்தைத் தொடங்க ஆசிரியருக்கு மனம் வராது.

மழைக்கு நேர்மாறாக, உள்ளூர்த் திருவிழாக்களின் நாள் முன்பே தெரியும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி, திருநள்ளாற்றில் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சி ஆகியவை காரைக்காலுக்கே உரியவை. இவற்றுக்காக விடப்படும் உள்ளூர் விடுமுறைக்குப் பதிலாகச் சனிக்கிழமையில் பள்ளி வைப்பது வழக்கம். எந்தக் கிழமையின் அட்டவணை அச்சனிக்கிழமையில் நடக்கும் என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லையேல் விடுபட்ட பாடவேளைகள் ஒரு பாடத்துக்குத் திரும்பக் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது.

வெயிலும் நாட்காட்டியை மாற்றியிருக்கிறது. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோடை வெப்பம் தணியாததால் புதுச்சேரி அரசு பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தது.

பிற நாட்டு முறைகள்

சிங்கப்பூரில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. பத்து வாரம் கொண்ட நான்கு தவணைகள் அதில் அடங்கும். இலங்கையிலும் வழக்கமான ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, மூன்று தவணைகள். காரைக்காலைப் போலவே வடகிழக்குப் பருவமழையைப் பெறும் யாழ்ப்பாணத்தில், மழை ஆண்டின் கடைசித் தவணையில் விழுகிறது. காரைக்காலிலோ அது ஆண்டின் நடுவில் விழுந்து, அதன்பின் தேர்வுக்குச் சில வாரங்களையே விட்டுவைக்கிறது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வேறொரு வழி இருக்கிறது. ஆண்டு முழுக்க எட்டுப் பாடங்களையும் தினமும் நடத்தாமல், அரையாண்டுக்கு நான்கு பாடம் வீதம், 90 நிமிட வகுப்புகளாக நடத்துகிறார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். தினம் 45 நிமிடம் வீதம் 180 நாள் நடத்தினாலும், 90 நிமிடம் வீதம் 90 நாள் நடத்தினாலும் ஒரு பாடத்துக்குக் கிடைப்பது 8,100 நிமிடம். நீண்ட வகுப்பில் ஆய்வகமும் விவாதமும் நிதானமாக நடக்கும். ஆனால் ஐந்து நாள் வகுப்பு தடைபட்டால், முதல் முறையில் ஒவ்வொரு பாடமும் 225 நிமிடத்தை இழக்கும். இரண்டாம் முறையிலோ அப்போது நடந்துகொண்டிருக்கும் நான்கு பாடங்கள் மட்டும் தலா 450 நிமிடத்தை இழக்கும். புயல் எந்த வாரம் வரும் என்று சொல்ல முடியாத கரையில், இழப்பு எல்லாப் பாடங்களுக்கும் சிறிது சிறிதாகப் பகிரப்படுவதே மாணவருக்கு நல்லது.

இந்தியாவிலோ, 2026 முதல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துள்ளது. பிப்ரவரித் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம். மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புவோர் மே மாதத் தேர்வை எழுதலாம். மழையால் படிப்பு தடைபட்ட மாணவருக்கு இது உண்மையான உதவி.

மதிப்பீடு

காரைக்காலுக்கு மழை விடுமுறை எதிர்பாராத இடையூறு அல்ல. ஆண்டுதோறும் வருவது. ஏப்ரல், ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் ஆண்டுப் பாடத்தின் மூன்றில் இரண்டு பங்கை முடித்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வாரங்களுக்கு எளிய பாடங்களையும் திருப்புதலையும் ஒதுக்குவதே இக்கரைக்கு ஏற்ற ஆண்டுத் திட்டம். அப்படித் திட்டமிடாத பள்ளி, டிசம்பரில் காலை, மாலை ஸ்பெஷல் கிளாஸ் வைத்து அவசரமாகப் பாடம் முடிக்கிறது. அந்த அவசரத்தில் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளை. அடுத்துப் பறிபோவது, மெல்லப் படிக்கும் மாணவர் சந்தேகம் கேட்பதற்கான நேரம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஆசிரியர்கள் கூடி ஆண்டுத் திட்டம் வகுக்கும்போதே மழைக்கான நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும். இதற்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை. பள்ளி அளவிலேயே செய்துவிடலாம்.