குழந்தைக்காகப் பேசிய அயலார்

பெற்றவரோ வளர்ப்பவரோ ஒரு குழந்தையை வதைக்கும்போது அதன் பொருட்டு நியாயாசனத்தின் முன் நின்று பேசுவது யாருடைய கடமை என்ற கேள்விக்கு, அமெரிக்க தேசத்துச் சட்டம் நெடுங்காலம் தெளிவான விடை தரவில்லை. அந்த விடையைத் தேடி வீதியில் இறங்கியவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்க எட்டா வீலர் அம்மையார் சட்டம் பயின்றவரல்லர். நியூயார்க் நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளில் தர்ம ஊழியம் செய்துவந்தவர். 1873ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடுங்குளிரில், நோயுற்ற அண்டைவீட்டுப் பெண்ணுக்கு ஒத்தாசை கேட்பவர்போல அவர் ஒரு வீட்டினுள் நுழைந்தபோது, ஐந்து வயதுதான் இருக்கும் என்று மதிக்கத்தக்க, ஆனால் உண்மையில் ஒன்பது பிராயம் நிறைந்த மேரி எல்லன் என்ற சிறுமி, தன் எடையே இருக்கும் வாணலியொன்றோடு போராடிப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மேசையின் குறுக்கே, முறுக்கிய தோல்வாராலான சவுக்கு கிடந்தது. அதன் தழும்புகள் அவளுடைய மெலிந்த கைகால்களில் இருந்தன.

பல இடங்களில் முறையிட்டும் பயன் காணாத அம்மையார், பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கை இறுதியில் நாடினார். மிருகங்களுக்கான சட்டத்தைக் கொண்டே அச்சிறுமி மீட்கப்பட்டாள் என்று இன்றும் பலர் எழுதுவது சரியன்று. பெர்க் தனிமனிதராகவே தலையிட்டார், அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஆட்கொணர்வு விண்ணப்பத்தின் வழியே 1874 ஏப்ரலில் குழந்தையை நீதிபதியின் முன் கொணரச் செய்தார். வதைத்தவளுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வீலர் குடும்பத்தாரின் ஆதரவில் வளர்ந்த மேரி எல்லன், மணம் புரிந்து மக்களைப் பெற்று, 1956 வரை ஜீவித்திருந்தாள். குழந்தைவதைத் தடுப்புச் சங்கமும் இவ்வழக்கின் விளைவாகவே தோன்றியது.

ஆயினும், வதையுற்ற குழந்தையின் வழக்கு நீதிமன்றம் ஏறினால் அதன் சார்பில் பேச வழக்குக் காப்பாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும் என்பதை, மத்திய அரசின் மானியம் பெறும் மாகாணங்களுக்கு நிபந்தனையாக விதித்த சட்டம் பிறக்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நூறாண்டுத் தாமதத்தை எளிதில் மன்னிக்க என்னால் இயலவில்லை. சட்டம் வந்த பின்னரும், காப்பாளராக அமர்ந்து பல வழக்குகளின் பாரத்தைச் சுமக்கும் வழக்கறிஞருக்குக் குழந்தையின் வீட்டையும் பள்ளியையும் சென்று பார்க்க அவகாசமேது?

சியாட்டில் நகரத்து நீதிபதி டேவிட் சூக்கப், போதிய விவரமின்றிக் குழந்தைகளின் கதியை நிர்ணயிக்க நேர்ந்ததை எண்ணி உறக்கமிழந்தவர். ஊர்மக்களிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து, பயிற்சி தந்து, நீதிமன்றத்தின் ஆணையோடு குழந்தைகளுக்காகப் பேசவைக்கும் முறையை 1977இல் அவர் தொடங்கினார். இத்தொண்டர் முறைக்கென 1982இல் தேசிய சங்கம் அமைந்தது. அத்தொண்டருக்கு ஊதியமில்லை, சட்டப் பட்டமும் வேண்டியதில்லை. ஒரு சமயத்தில் ஓரிரு குழந்தைகளை மட்டுமே ஏற்று, அவர்களைத் தவறாமல் சென்று கண்டு, ஆசிரியரையும் வைத்தியரையும் வளர்ப்புப் பெற்றோரையும் விசாரித்து, தாம் கண்டதையும் குழந்தைக்கு நலமென்று கருதுவதையும் எழுத்தில் வடித்து நீதிபதியிடம் அவர் சமர்ப்பிக்கிறார். சமூகநல அலுவலர் மாறலாம், வழக்கறிஞர் மாறலாம். குழந்தைக்கு நிலையான இல்லம் அமையும்வரை இவர் மாறாதிருக்க வேண்டும் என்பதே இம்முறையின் எதிர்பார்ப்பு.