பிறப்பைத் தெரிந்தெடுக்கும் விளையாட்டு

எந்த மனிதனும் தன் பிறப்பைத் தானே தெரிந்தெடுப்பதில்லை. பெற்றோரையும் குலத்தையும் வர்க்கத்தையும், அவன் பிறக்குமுன்னரே வரலாறு அவனுக்கென ஒதுக்கி வைத்துவிடுகின்றது. அவ்வாறிருக்க, பிறப்பையே ஆடுபவனின் விருப்பத்துக்கு விட்டுவிடும் ஒரு கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. கணினித் திரையிலே ஒரு கற்பனை உலகம் விரிகின்றது. அதனுள்ளே அரசகுமாரனாகப் புகுவதா, சேரியிற் பிறந்தவனாகப் புகுவதா என்பதை ஆடுபவனே தீர்மானிக்கின்றான். நம் மாணவரும் இதனை ஆடுகின்றனர். ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடுகின்றோம். ஒதுக்குமுன் இதன் வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும். ஏனெனில், ‘உனக்குப் பிடித்த முன்கதை எது?’ என்ற கேள்வி, ‘இவ்வுலகத்தை எவனுடைய கண்ணாற் காண விரும்புகின்றாய்?’ என்ற கேள்வியேயன்றி வேறன்று.

இவ்விளையாட்டின் மூதாதை யுத்த விளையாட்டு ஆகும். 1824 ஆம் ஆண்டிலே பிரஷ்ய இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கென ஒரு விளையாட்டு வகுக்கப்பட்டது. தேசப்படத்தின்மீது சிறு கட்டைகள் நகர்த்தப்பட்டன. ஒவ்வொரு கட்டையும் ஒரு படைப்பிரிவைக் குறித்தது. அக்கட்டைக்குள் அடங்கிய உழவன் மகனுக்கோ கம்மியன் மகனுக்கோ பெயரில்லை, முன்கதையும் இல்லை. போரைத் தளபதியின் கண்ணால் மட்டுமே அது காட்டிற்று. சோஷலிஸ்டாகிய எச். ஜீ. வெல்ஸ் 1913 இல் ஈயப் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் யுத்த விளையாட்டொன்றை நூலாக எழுதினார். மெய்யான யுத்தத்தின் மடமையை அந்நூலின் இறுதியில் அவர் இடித்துரைக்கவும் செய்தார். ஆனால் அவருடைய பொம்மை வீரர்க்கும் வாழ்க்கை வரலாறு என ஒன்று இருக்கவில்லை.

1969 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு புதுமை செய்தார். நெப்போலியன் காலத்து ஜேர்மன் நகரொன்றைக் களமாக்கி, ஆடுவோர் ஒவ்வொருவரையும் தனித்தனி மனிதராக நிறுத்தினார். ஒருவர் நகரபிதா, ஒருவர் வங்கி முதலாளி, ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். ஒவ்வொருவருக்கும் தத்தம் நோக்கங்கள் இருந்தன. படைப்பிரிவு என்ற கட்டையினின்று மனிதன் இறங்கி வந்த தருணம் அதுவே எனலாம். அவ்வழியிலே வளர்ந்த டேவ் ஆர்னசனும் கேரி கைகக்ஸும் இணைந்து 1974 இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். முதற் பதிப்பாக ஆயிரம் பிரதிகளே அச்சாயின. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் யாவும் அந்த ஆயிரம் பிரதிகளின் வழித்தோன்றல்களாம்.

ஆயினும் அன்றைய வீரனுக்கு முன்கதை இல்லை. மூன்று பகடைகளை உருட்ட, அவன் பலமும் அறிவும் எண்களாக விழுந்தன. மீண்டும் பகடை உருட்ட, அவன் கைப்பொருள் விழுந்தது. அவன் எங்கிருந்து வந்தான் என்று எவரும் கேட்கவில்லை. புதையலாகக் கொணர்ந்த பொற்காசே அனுபவப் புள்ளியாகக் கணக்கிடப்பட்டது. செல்வத்தைச் சேர்த்தவனே அனுபவத்தில் உயர்ந்தவன் என்ற அவ்விதி எச்சமுதாயத்திற் பிறந்தது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

முன்கதைதான் இல்லையே தவிர, பிறப்பின் விலங்கு இருந்தது. 1974 ஆம் ஆண்டு விதிகளின்படி குள்ளர் இனத்தவன் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம். ஆறாம் படிக்குமேல் அவன் உயரமுடியாது. மனிதனாகப் பிறந்தவனுக்கோ அத்தகைய எல்லை விதிக்கப்படவில்லை. 1978 இல் வந்த விரிவுபடுத்திய விதிநூல் ஒருபடி மேற்சென்று, பெண் பாத்திரங்களின் உடற்பலத்துக்கும் உச்சவரம்பு வகுத்தது. கற்பனை உலகிற்கு இத்தடைகள் அவசியமா? பறவைநாகமும் மந்திரமும் உள்ள உலகிலே ஒரு குள்ளன் ஏழாம் படி ஏறுவது மட்டும் எவ்வாறு நடவாத காரியமாகும்? மனிதன் கனவு காணும்போதும் தான் வாழும் சமுதாயத்தின் படிக்கட்டுகளையே கனவிலும் கட்டுகின்றான் என்பதற்கு இது தக்க சான்று. இனவாரியான இவ்வெல்லைகள் 2000 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பிலேதான் முற்றாக நீக்கப்பட்டன.

முன்கதைக்கு வித்திட்டது வேறொரு விளையாட்டு. 1977 இல் மார்க் மில்லர் ஆக்கிய ‘ட்ராவலர்’ விண்வெளியைக் களமாகக் கொண்டது. அங்கே பாத்திரம் ஒரு பணியிற் சேர்கின்றது. கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல் என்று பணிகள் பல. நான்கு நான்கு ஆண்டுகளாக ஊழியம் கழிகின்றது. ஒவ்வொரு தவணையிலும் ஒரு தொழிற்றிறன் கைவரலாம், உயிரும் போகலாம். ஆட்டம் தொடங்குமுன்னரே பாத்திரம் இறந்துபோவதைக் கண்டு நகைத்தோர் பலர். நாம் நகைக்கமாட்டோம். ஒருவன் யார் என்பதை அவன் இரத்தத்தால் அன்றி, செய்த வேலையாலும் அவ்வேலையில் எதிர்கொண்ட ஆபத்தாலும் அளந்த முன்னோடி விளையாட்டு அது.

கணினி விளையாட்டில் இவ்வினா வேறு வடிவம் கொண்டது. ரிச்சர்ட் கேரியட் 1985 இல் வெளியிட்ட ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் பாகத்திலே, குறி சொல்லும் பெண்ணொருத்தி அறச் சிக்கல்களை ஒவ்வொன்றாக முன்வைக்கின்றாள். நேர்மையா, இரக்கமா? நீதியா, தியாகமா? ஆடுபவனின் விடைகளே அவன் தொழிலை முடிவுசெய்கின்றன. எல்லாவற்றிலும் பணிவையே தெரிந்தவன் இடையனாகின்றான். ஆட்டத்தில் மிக வலுக்குன்றிய நிலை இடையன் நிலையே. நல்லவனாயிருத்தலுக்கு ஒரு விலை உண்டு என்பதை அது மறைக்கவில்லை.

இவ்விரு நீரோட்டங்களும் கலந்த இடமென நாம் கருதுவது 2009 இல் வெளியான ‘ட்ராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’. கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவெயர் நிறுவனம் அதனை ஆக்கியது. ‘தோற்றுவாய்கள்’ என்று பொருள்படும் அதன் பெயரே அதன் கருத்தைக் கூறும். ஆறு பிறப்புகள் நம்முன் வைக்கப்படுகின்றன: மனிதப் பிரபுவின் பிள்ளை, மந்திரவாதிகளின் கோபுரத்தில் அடைபட்டு வளர்ந்த மாணவன், காட்டிலே திரியும் எல்ஃப், நகரத்தில் மதிலடைத்த சேரியில் வாழும் எல்ஃப், குள்ளர் அரசனின் பிள்ளை, குள்ளர்களிற் சாதியற்றவன். முன்கதை இங்கே ஏட்டில் எழுதிய குறிப்பன்று. மணிக்கணக்காக நாமே அதனுள் வாழ்கின்றோம். அதன்பின்னரே பொதுக்கதை தொடங்குகின்றது.

இவற்றுள் எது சிறந்தது என்பது ஆடுவோரிடையே ஓயாத விவாதம். சேரி எல்ஃபின் கதையைப் பலர் போற்றுவர். திருமண நாளிலே பிரபுவின் மகன் வந்து மணப்பெண்ணையும் மற்றப் பெண்களையும் கவர்ந்து செல்கின்றான். பின்னர் அச்சேரி மக்களே அடிமை வணிகருக்கு விற்கப்படுவதையும், அவ்விலை உள்நாட்டுப் போருக்குச் செலவாவதையும் நாம் கண்டறிகின்றோம். வலிய கதைதான். எனினும் நாம் தெரிவது சாதியற்ற குள்ளனின் கதையையே.

பூமிக்கடியில் அமைந்த ஓர்ஸமார் என்பது குள்ளரின் நகரம். பிரபுக்கள், போர்வீரர், கொல்லர், கைவினைஞர், வணிகர், சுரங்கத் தொழிலாளர், பணியாளர் என அங்கே சாதிகள் அடுக்கடுக்காக உள்ளன. மகனுக்குத் தந்தையின் சாதி. மகளுக்குத் தாயின் சாதி. இவ்வடுக்குக்கு வெளியே நிற்போர் சாதியற்றோர். அவர்களைக் கல்லே புறந்தள்ளிவிட்டதென்பது குள்ளரின் மத நம்பிக்கை. பிறந்தவுடன் அவர்தம் முகத்திலே முத்திரை குத்தப்படுகின்றது. சாதிக்குரிய தொழில் எதனையும் அவர்கள் செய்யலாகாது. ஆகவே பிச்சையும் திருட்டுமே எஞ்சுகின்றன. பின்னர், திருடுகின்றார்கள் என்று கூறியே அவர்களை இழிவுபடுத்துகின்றனர். நோயை உண்டாக்கிவிட்டு நோயாளியைக் குற்றஞ்சாட்டும் இத்தருக்கத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கின்றோம் அல்லவா?

நம் பாத்திரம் இம்மக்கள் ஒதுங்கி வாழும் தூசி நகரிலே பிறக்கின்றது. குடியில் ஆழ்ந்த தாய். பிரபுவொருவனுக்கு ஆண்மகவு பெற்றுக்கொடுத்துக் குடும்பத்தை மேலேற்ற எண்ணும் தமக்கை ரீக்கா. இவர்களைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் கள்ளக்கடத்தற் தலைவன் பெராட். பெராட் பணம் கட்டிய போர்வீரன் ஒருவன் மற்போர்க் களத்துக்கு வரவேண்டிய வேளையிலே மதுமயக்கத்தில் விழுந்துகிடக்கின்றான். நாம் அவன் கவசத்தை அணிந்து களம் புகுகின்றோம். உயர்சாதி வீரர் ஒருவர்பின் ஒருவராகத் தோற்கின்றனர். கூட்டம் ஆரவாரிக்கின்றது. தலைக்கவசம் கழல்கின்றது, முகத்தின் முத்திரை தெரிகின்றது. அக்கணமே வெற்றி குற்றமாகிவிடுகின்றது. சிறைக்கதவு மூடுகின்றது.

சாதியைப்பற்றி எழுதப்பட்ட நீண்ட வியாக்கியானங்கள் சொல்லத் தவறியதை இக்காட்சி சொல்லிவிடுகின்றது. தாழ்ந்தவன் திறமையற்றவன் என்பதனால் அவனை ஒதுக்கவில்லை. அவன் திறமை வெளிப்பட்டால் உயர்ந்தவனின் உயர்வு பொய்யாகிவிடும் என்பதனாலேயே ஒதுக்குகின்றனர்.

இன்னொரு காரணமும் உண்டு. பொதுக்கதையில் ஓர்ஸமாரின் அரசுரிமைக்கு இருவர் போட்டியிடுகின்றனர். ஹறோமொன்ட் மரபைப் பேணும் கண்ணியவான். பீலன் சூழ்ச்சிக்காரன். ஆடுபவனே அவர்களுள் ஒருவனை அரியணை ஏற்றவேண்டும். குள்ளர் இளவரசனாகப் பிறந்தவனுக்குப் பீலன் உடன்பிறந்த துரோகி. மூத்த தமையனைக் கொன்ற பழியைத் தன்மேற் சுமத்தி நாடுகடத்தச் செய்தவன். சாதியற்றவனாகப் பிறந்தவனுக்கோ அதே பீலன் தமக்கையின் காதலன். அவள் பிள்ளையின் தந்தை. கதையின் முடிவில் கண்ணியவானாகிய ஹறோமொன்டின் ஆட்சி சாதிக் கட்டுகளை இறுக்கி நகரின் கதவுகளை அடைக்கின்றது. சூழ்ச்சிக்காரனின் ஆட்சியோ வணிகத்தைத் திறந்து, ஆயுதமேந்திப் போராட முன்வரும் சாதியற்றோர்க்கு உரிமைகளை வழங்குகின்றது. கூடவே பிரபுக்களின் சபையைக் கலைத்து யதேச்சாதிகாரமாகவும் மாறுகின்றது. நல்ல மனிதன் கெட்ட அமைப்பைக் காக்கின்றான். கெட்ட மனிதன் அதனை உடைக்கின்றான். வரலாற்றைத் தனிமனிதர் குணத்தால் அளக்கும் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பினை வகுப்பறையிலே நாம் எளிதிற் காட்டமுடியாது. ஒரே நிகழ்ச்சி அரண்மனையிலிருந்து பார்க்கும்போது ஒன்றாகவும், தூசி நகரிலிருந்து பார்க்கும்போது வேறொன்றாகவும் தோன்றுகின்றது. முன்கதையின் பயன் அதுவே.

இங்கு இரு ஆட்சேபங்கள் எழும். துன்பத்தை வேடமாக அணிந்து கழற்றிவிடுதல் தகுமா என்பது முதலாவது. தகாது என்று எளிதிற் கூறிவிடலாம். ஆயினும் நாவலும் நாடகமும் செய்வதும் அதுவேயன்றோ? வேடத்தைக் கழற்றிய பின்னர் எஞ்சுவது யாது என்பதே கேள்வி. கேளிக்கை மட்டும் எஞ்சுமாயின் அது வீண். முத்திரையுள்ள முகத்தை அடுத்தமுறை காணுகையில் நம் பார்வை மாறுமாயின் அது வீணன்று.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது; அதனை நாமும் ஏற்கின்றோம். ஆறு பிறப்புகளின் முடிவிலும் டங்கன் என்ற வீரன் வந்து நம்மை மட்டும் மீட்டுச் செல்கின்றான். தூசி நகரோ அங்கேயே கிடக்கின்றது. அதற்கு விடிவு வந்தால் அதுவும் ஓர் அரசனின் ஆணையாகவே வருகின்றது. மெய்யான வரலாறு அவ்வாறு நடப்பதில்லை. நம் நாட்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 இல் நிறைவேறிற்று. எனினும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் சட்டத்தைக் கண்டு தாமாகக் கதவைத் திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது; 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப்பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. கதவைத் தட்டியவர்கள் முன்கதையிலிருந்து மீட்கப்பட்ட தனிவீரர் அல்லர். முன்கதையையே மாற்றப் புறப்பட்ட மக்கள். அத்தகைய மக்கள் கூட்டம் ஓர்ஸமாரில் இல்லை. அவ்விளையாட்டின் எல்லை அது.

பின்வந்த வரலாறும் கருதத்தக்கது. அதே வரிசையில் 2011 இல் வந்த இரண்டாம் பாகத்திலே பிறப்பைத் தெரியும் உரிமை நீங்கி, மனித அகதி ஒருவனே நாயகனானான். 2014 இன் மூன்றாம் பாகத்தில் இனத்தைத் தெரியலாம். ஆனால் முன்கதை சில வரிகளாகவும் உரையாடலாகவும் சுருங்கிற்று. 2024 இன் நான்காம் பாகத்தில் ஆறு குழுக்களுள் ஒன்றைத் தெரிவதே முன்கதையாயிற்று. இதற்குப் பொருளாதார அடிப்படை ஒன்றுண்டு. ஆறு பிறப்புகளை ஆக்குவதற்கு எழுத்தும் ஓவியமும் குரலும் பலமடங்கு வேண்டும். ஓர் ஆட்டத்திலே ஆடுபவன் காண்பதோ ஒன்றை மட்டுமே. காணப்படாத ஐந்தும் இலாபக் கணக்கின் கண்ணில் வீண்செலவாகத் தோன்றுதல் இயல்பு. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டிலே சுமார் 50 ஊழியரைப் பணிநீக்கம் செய்தது. பிறர்க்கு முன்கதை எழுதியவர்களின் சொந்தக் கதை அது.

மறுபுறத்தே மூதாதையாகிய மேசை விளையாட்டு எதிர்த்திசையில் நகர்ந்தது. அதன் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு முன்கதையை விதியாகவே சேர்த்தது. 2024 இல் ‘இனம்’ என்ற பழைய சொல் கைவிடப்பட்டு, பிறப்போடு கட்டுண்டிருந்த ஆற்றல் எண்கள் வாழ்க்கைப் பின்புலத்துக்கு மாற்றப்பட்டன. இரத்தம் தீர்மானித்ததை உழைப்பும் கல்வியும் தீர்மானிக்கலாயின. இம்மாற்றத்துக்கு 50 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஆகவே, நண்பர்களே, மாணவன் ஒருவன் தான் ஆடும் விளையாட்டைப்பற்றிப் பேச வரும்போது அவனைக் கடிந்து அனுப்பிவிடவேண்டாம். எந்தப் பிறப்பைத் தெரிந்தாய் என்று கேளுங்கள். இளவரசனாகப் பிறந்தேன் என்பானாயின், அடுத்தமுறை தூசி நகரிற் பிறந்து, அதே அரசனை மீண்டும் ஒருமுறை தெரிந்து பார் என்று சொல்லுங்கள். அவன் விடை மாறிற்றா என்பதையும், மாறியிருப்பின் ஏன் மாறிற்று என்பதையும் அவனே எழுதட்டும். அக்கட்டுரையை ஒரு நல்ல வரலாற்றுப் பாடமாக நாம் ஏற்றுக்கொள்ளலாம்.